டப்பாவில் புளியங்கொட்டை
லாரி ஓட்டும் இளம் அப்பாக்களுக்கு ஒரு பழைய டிரைவரின் 11 அறிவுரைகள்

1984-ல் கிளீனராக வண்டி ஏறினேன். 1988-ல் ஹெவி லைசென்ஸ் எடுத்து ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். 2016-ல் கண்ணில் புரை விழுந்தது. சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன். இடைப்பட்ட வருஷங்களெல்லாம் வடக்கே போகும் ரோட்டில் கழிந்தன. போகும்போது சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி. வரும்போது நம் ஊர்க் கோழிப்பண்ணைகளின் தீவனத்துக்கு மத்தியப் பிரதேசத்துச் சோயாப் புண்ணாக்கு. ஒரு டிரிப் முடிந்து வீடு திரும்ப 12 நாளும் ஆகும், லோடு கிடைக்காமல் படுத்துக்கொண்டால் 25 நாளும் ஆகும்.

இப்போது பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பக்கத்திலுள்ள டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது சின்னப் பையன்கள் வந்து யோசனை கேட்பார்கள். முன்பெல்லாம் டயர், மைலேஜ், எந்தத் தாபாவில் வண்டியை நம்பி நிறுத்தலாம் என்று கேட்பார்கள். போன மாதம் ஒருவன் வந்து, "மாமா, பாப்பா எங்கிட்ட வரவே மாட்டேங்குது" என்றான். அடுத்த வார்த்தை வரவில்லை. டீ கிளாஸை உருட்டிக்கொண்டே நின்றான்.

அவனுக்குச் சொன்னதை எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். எனக்கு ஒரு மகள், ஒரு மகன். மகளிடம் செய்த தப்பில் பாதியை மகனிடம் திருத்திக்கொண்டேன். மீதியை நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

1. சொல்லிவிட்டுக் கிளம்பு

"புள்ளை தூங்கும்போதே கிளம்பிரு, முழிச்சா அழும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி வெளியேறினேன். அழுகை எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான், அழாமல் இருக்கவில்லை. அதற்கப்புறம் நான் வீட்டில் இருக்கும் ராத்திரிகளில் மகள் தூங்கவே பயந்தாள். என் லுங்கி நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு படுப்பாள். கண்ணை மூடினால் அப்பா காணாமல் போய்விடுவார் என்று அந்த வயதுக்கு அவளாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

உட்கார்ந்து முகத்தைப் பார்த்து, "அப்பா லோடு கொண்டுபோறேன், இறக்கிட்டு வந்துருவேன்" என்று சொல். பேச்சு இரண்டு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். படி இறங்கிய பிறகு மூன்று தடவை திரும்பி ஓடி வந்து கொஞ்சினால் குழந்தை குழம்பும். அழட்டும். முகம் தெரிந்து அழுகிற அழுகை சீக்கிரம் தணிந்துவிடும்.

2. தேதி சொல்லாதே, கொட்டை போடச் சொல்

நாமக்கல் தனி மாவட்டமான 1997-ல் மகளுக்கு ஐந்து வயது. "எப்பப்பா வருவே?" என்று கேட்டே துளைத்துவிட்டாள். ஒரு தகர டப்பாவில் 14 புளியங்கொட்டையைப் போட்டு, "தினம் ஒண்ணு எடுத்துரு அம்மணி. டப்பா காலியாகறன்னிக்கு அப்பா வந்துருவேன்" என்றேன். என்னைவிட அறிவாளி கிடையாது என்று நினைப்பு.

நாக்பூரைத் தாண்டி ஒரு பார்ட்டி குடோனில் ஆள் இல்லை என்று ஐந்து நாள் வண்டியை நிறுத்திப் போட்டுவிட்டார்கள். இங்கே டப்பா காலி. என் மனைவி பிறகுதான் சொன்னாள்: மகள் அழவில்லையாம். தினமும் காலையில் டப்பாவைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு மூடி வைத்திருக்கிறாள், ஐந்து நாளும்.

அடுத்த டிரிப்பிலிருந்து கணக்கைத் தலைகீழாக்கினோம். டப்பா காலியாகத் தொடங்கும். நான் போன நாளிலிருந்து தினம் ஒரு கொட்டை உள்ளே போக வேண்டும். அப்பா வந்ததும் டப்பாவை மூடி, குலுக்கி, "ஒத்தையா ரெட்டையா?" என்று விளையாட வேண்டும். தோற்றவர் ஜெயித்தவரை உப்புமூட்டை தூக்க வேண்டும். நான் வந்த நாள் எதுவானாலும் அது சரியான நாளாகிவிட்டது. 12 ஆனால் ரெட்டை, 17 ஆனால் ஒத்தை.

நாலைந்து வயதுவரை குழந்தைக்கு "அடுத்த புதன்கிழமை" என்பது வெறும் சத்தம். கையில் எடுத்துப் போடும் பொருள் புரியும். தேதி சொல்லியே தீர வேண்டுமென்றால் நீ நினைப்பதற்கு மேல் மூன்று நாள் கூட்டிச் சொல். முன்னால் வந்தால் வீட்டில் திருவிழா.

3. அழுக்குத் துண்டை விட்டுவிட்டுப் போ

மகன் பிறந்து பத்து மாதம் இருக்கும். 20 நாள் கழித்து வீட்டுக்கு வருகிறேன். கைக்குழந்தையை அழுக்கோடு தொடக் கூடாது என்று வரும் வழியிலேயே குளித்து, சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கை நீட்டினேன். வீறிட்டுக் கத்தினான். என் அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல், நான் கழற்றிப் போட்ட காக்கிச் சட்டையை எடுத்து என் தோளில் போட்டார். டீசல், தார்பாய், வியர்வை எல்லாம் கலந்த நாற்றம். பையன் மோந்து பார்த்தான். கொஞ்ச நேரம் யோசித்தான். அப்புறம் மெதுவாகச் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஏறினான்.

முகத்துக்கு முன்னால் வாசனை வந்து நிற்கும் வயது அது. கிளம்பும்போது நீ உடுத்திய துண்டு ஒன்றைத் துவைக்காமல் குழந்தை படுக்கும் பாயில் விட்டுப் போ. மனைவி துவைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல். ஒரு வயது நிரம்பாத குழந்தை என்றால் முகத்துக்குப் பக்கத்தில் துணி கிடக்கக் கூடாது. அம்மா தோளில் போட்டுக்கொண்டு தூக்கினால் போதும்.

4. உனக்கு ஒழிந்த நேரம் வேண்டாம், குழந்தைக்கு ஒழிந்த நேரம் பார்

எங்கள் காலத்தில் எஸ்.டி.டி. பூத். ராத்திரி நேரமானால் கட்டணம் குறையும் என்று காத்திருந்து வரிசையில் நிற்போம். மீட்டரில் ரூபாய் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசுவோம். அந்த நேரத்துக்குப் பிள்ளைகள் தூங்கியிருக்கும். "தூங்கிட்டாங்களா?" "ம்." இதைக் கேட்பதற்காக வருஷக்கணக்கில் காசு கட்டியிருக்கிறேன்.

2003-க்கு அப்புறம் செல்போனில் வரும் அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆனது. இப்போது பேசுவது தண்ணீர் குடிக்கிற மாதிரி. ஆனால் நீங்களும் அன்லோடு முடிந்து, குளித்து, சாப்பிட்டு, பத்தரை மணிக்குத்தான் போனை எடுக்கிறீர்கள். சாயங்காலம் ஏழரை மணிச் சோற்று நேரமோ, பள்ளிக்கூடத்துக்குச் சீருடை மாட்டும் நேரமோ, ஒன்றைப் பிடித்துக்கொள். வண்டியை ஓரம் கட்டி ஐந்து நிமிஷம் பேசு. ஒரு நாள் ஒரு மணி நேரம் பேசிவிட்டு நாலு நாள் காணாமல் போவதைவிட அது மேல்.

காட்டுப் பாதையிலும் மலைப் பாதையிலும் சிக்னல் கிடைக்காது. அந்த நாளுக்காக முந்தின டோல்கேட்டிலேயே குரலைப் பதிவு செய்து வாட்ஸாப்பில் அனுப்பி வை. சோற்று நேரத்தில் மனைவி போட்டுக் காட்டட்டும். சின்னக் குழந்தை அதையே பத்துத் தடவை கேட்கும். நீ நேரில் ஒரு கதையைப் பத்துத் தடவை சொல்லியிருப்பாயா?

5. "சாப்டியா, படிச்சியா" என்று விசாரிக்காதே

போனை எடுத்ததும் நாம் கேட்பது இந்த இரண்டும்தான். குழந்தை "ம்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடும். காட்டக்கூடிய எதையாவது கேள். "கீழே விழுந்த பல்லைக் காட்டு", "நாய்க்குட்டி எங்க படுத்திருக்கு, போனைக் கொண்டுபோ", "நீ போட்ட கோலம் பார்க்கணும்." வாய் பேசாத குழந்தைக்குக் கை வேலை செய்யும்.

நீயும் காட்டு. ஒரு டிசம்பரில் கவுகாத்தியிலிருந்து இளைய டிரைவர் ஒருவன் சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடியோவில் பேசினான். அங்கே அந்த மாதத்தில் நாலரைக்கே இருட்டிவிடும். நாமக்கல்லில் வாசலில் வெயில். அவன் மகன், "அங்க கரண்ட் போயிருச்சாப்பா?" என்றான். சூரியன் கிழக்கே முதலில் போய்விடுகிற கதையை அன்று அப்பன் சொன்னான். பையன் அதை மறுநாள் வகுப்பில் சொல்லியிருக்கிறான். அதுதான் பேச்சு.

ஒன்றரை வயதுக் குழந்தை போனைப் பார்த்துப் பேசும் என்று எதிர்பார்க்காதே. போனைச் சம்படத்தில் சாய்த்து வைக்கச் சொல். அது பாட்டுக்கு விளையாடட்டும், நீ பார்த்துக்கொண்டிரு, நடுவில் ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடு. இன்னொன்று: இரண்டு வயது நிரம்பும்வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. அப்பா முகம் பார்ப்பதைப் பொம்மைப் படத்தோடு சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் நீ வைத்த பிறகும் போன் குழந்தை கையிலேயே தங்கிவிட்டால், அந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவன் நீ.

6. ஸ்டீயரிங் பிடித்திருக்கும்போது எடுக்காதே

60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று வினாடி திரையைப் பார்த்தால் 50 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். புரோக்கர் கூப்பிட்டால் "அப்புறம்" என்று வெட்டிவிடலாம். "அப்பா" என்று ஒரு குரல் வந்தால் வெட்ட மனசு வராது. அதனால்தான் எல்லா அழைப்பையும்விட அது ஆபத்து. காதில் மாட்டிக்கொண்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதே; கை காலியாக இருந்தாலும் மனசு வீட்டுக்குப் போய்விடுகிறது. "அடிச்சு எடுக்கலேன்னா அப்பா வண்டி ஓட்டறேன்னு அர்த்தம், நிறுத்தினதும் நானே கூப்பிடுவேன்" என்று முதலிலேயே சொல்லி வை. மூன்று வயதுக்கே புரியும்.

7. உன் ரோட்டை அவர்களுக்குச் சொந்தமாக்கு

வண்டியின் நெற்றியில் பிள்ளைகள் பேரை எழுதுகிறோம். பிள்ளைகளுக்கு அந்த வண்டி எங்கே போகிறது, எதைச் சுமக்கிறது என்று தெரியாது. வண்டி என்றாலே அப்பாவைக் கொண்டுபோகும் பூதம் என்று நினைத்துக்கொள்ளும்.

ஊரில் வண்டி நிற்கும்போது குழந்தையைக் கேபினில் ஏற்றி உட்காரவை. ஹாரன் ஒரு தடவை அடிக்கட்டும். நீ படுக்கும் இடம், சாமி படம், தண்ணீர் கேன் எல்லாம் காட்டு. அப்பா எங்கே தூங்குகிறார் என்று தெரிந்த குழந்தைக்கு ராத்திரி பயம் குறைவு. சுவரில் ஒரு இந்திய வரைபடம் ஒட்டு. நம் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிற இதே ரோடுதான், முன்னால் என்.எச். 7, இப்போது என்.எச். 44. பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், ஆக்ரா, டெல்லி என்று மேலே ஏறி ஸ்ரீநகரில் போய் நிற்கிறது. கீழே கன்னியாகுமரி. கோட்டின் மேல் தினமும் ஒரு பொட்டு நகரட்டும்.

ஜவ்வரிசி லோடு என்றால், அதை வடக்கே விரத நாளில் உப்புமா மாதிரி கிளறிச் சாப்பிடுவார்கள் என்று சொல். புண்ணாக்கு லோடு என்றால், அதைத் தின்ற கோழி போட்ட முட்டைதான் உன் தட்டில் இருக்கிறது என்று சொல். நாக்பூர் தாண்டி பென்ச் காட்டில் ரோட்டையே மேலே தூக்கிப் பாலமாகக் கட்டி, புலியும் மானும் அடியில் போக வழிவிட்டிருக்கிறார்கள். "அப்பா மேலே போனேன், கீழே புலி போயிருக்கும்" என்றால் அதற்கு மேல் ஒரு கதை வேண்டுமா?

8. பை கனமாக இருக்க வேண்டியதில்லை

பேட்டாவில் மிச்சம் பிடித்து பொம்மை பொம்மையாக வாங்கி வந்தேன். ஒரு கட்டத்தில் மகள் வாசலுக்கு ஓடி வந்து முதலில் பார்த்தது என் கையிலிருந்த பையை. அவள் மேல் தப்பில்லை.

மகனுக்கு எடைமேடைச் சீட்டும் டோல் சீட்டும் கொண்டுவந்தேன். காசு செலவில்லாத சரக்கு. ஒவ்வொன்றிலும் ஊர் பேர், தேதி, மணி இருக்கும். ஒரு நோட்டில் ஒட்டி வைத்தான். எழுத்துக் கூட்டிப் படிக்க அவனுக்கு அந்தச் சீட்டுகள்தான் பாடப் புத்தகம். இப்போது பாஸ்டேக் வந்து டோல் சீட்டு போய்விட்டது. பரவாயில்லை. நர்மதைக் கரைக் கூழாங்கல், இந்திப் பேப்பரில் மடித்த வேர்க்கடலை, தாபா தீப்பெட்டி என்று ஏதாவது எடுத்து வா. எங்கே கிடைத்தது என்ற கதை அதோடு ஒட்டியிருக்க வேண்டும். விலை ஒட்டியிருக்கக் கூடாது.

9. பூச்சாண்டியும் ஆகாதே, விருந்தாளியும் ஆகாதே

"இரு, அப்பா வரட்டும், சொல்றேன்" என்று வீட்டில் மிரட்டினால், நீ வரும் நாள் குழந்தைக்குத் தண்டனை நாளாகிவிடும். அப்படிச் சொல்ல வேண்டாம் என்று மனைவியிடம் தனியாகப் பேசு. பதிலுக்கு நீயும் ஒன்று செய்ய வேண்டும். நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறவன், அவள் 20 நாளாகக் கட்டிக் காத்த பழக்கத்தைக் கலைக்காதே. ஒன்பதுக்குப் படுக்கை என்றால் நீ இருந்தாலும் ஒன்பதுதான். போனில் குழந்தையைத் திட்டாதே. திட்டிவிட்டால் அணைத்துக்கொள்ளக் கை அங்கே இல்லை.

வந்த மறுநாள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வெளியே போ. நாமக்கல் கோட்டைக்கோ, ஆஞ்சநேயர் கோயிலுக்கோ, சும்மா தெரு முனைக்கோ. உன் மனைவி அன்று தூங்கட்டும். நீ ரோட்டில் முழித்த ராத்திரிகளில் அவளும் காய்ச்சல் குழந்தையோடு முழித்திருக்கிறாள். அவளுக்குப் பேட்டா கிடையாது.

10. வந்ததும் அள்ளாதே

எட்டு, ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயது வரைக்கும் பழகாத முகத்தைக் கண்டு ஒதுங்குவது குழந்தை சரியாக வளர்வதற்கு அடையாளம். உன்னை வெறுக்கிறது என்று அர்த்தம் இல்லை. டீக்கடையில் நின்ற பையனுக்கும் இதைத்தான் முதலில் சொன்னேன். தரையில் உட்கார். முகத்தை வேறு பக்கம் திருப்பி ஏதாவது செய். டப்பாவில் கரண்டி போட்டு ஆட்டு. அதுவாக வரும். அரை மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம்.

நடுராத்திரி வந்தால் எழுப்பாதே. பக்கத்தில் பாய் விரித்துப் படு. காலையில் அது உன்னைக் கண்டுபிடிக்கட்டும். அந்த முகத்தைப் பார்க்க 2,000 கிலோமீட்டர் ஓட்டி வரலாம்.

வீட்டில் இருக்கும் நாளில் உன் பங்கு என்று ஒரே ஒரு வேலையைப் பிடித்துக்கொள். என்னுடையது சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். நான் இல்லாத சனிக்கிழமைகளில் மகன், "அப்பா வந்துதான் தேய்ப்பாரு" என்று அடம் பிடிப்பானாம். என் மனைவி அதைக் குறையாகச் சொன்னாள். எனக்கு அது சம்பளம் மாதிரி இருந்தது.

11. முதலாளியிடம் முன்னாலேயே கேள், குழந்தையிடம் "பார்க்கலாம்" சொல்லாதே

1961-ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொன்னது. ரோட்டில் அதைத் தேடினால் கிடைக்காது. ஆனாலும் வாய் திறந்து கேட்டால் சில முதலாளிகள் கொடுக்கிறார்கள். கேட்கிற விதம் இருக்கிறது: முந்தின நாள் போய் நிற்காதே. காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா, ஊர்ப் பண்டிகை என்று வருஷத்துக்கு மூன்று தேதியை மட்டும் இரண்டு மாதம் முன்னால் சொல்லி வை. பதிலுக்கு எல்லாரும் போக மறுக்கும் ஒரு தீபாவளி டிரிப்பை எடுத்துக்கொள். நான் அப்படித்தான் மகளின் முதல் மேடை நாட்டியத்தைப் பார்த்தேன். மகன் ஓடிய ஓட்டப்பந்தயத்தைப் பார்க்கவில்லை. கேட்கக் கூச்சப்பட்டேன்.

கிடைக்கவில்லை என்றால் குழந்தையிடம் கிடைக்கவில்லை என்றே சொல். நமக்குப் "பார்க்கலாம்" என்றால் இல்லை என்று அர்த்தம். குழந்தைக்கு அது ஆமாம்.

கடைசியாக ஒன்று. இதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதுதான். பிள்ளைக்குச் சொன்ன நாளைப் பிடிக்க வேண்டும் என்று ராத்திரி தூங்காமல் மிதித்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவனுடைய வண்டி நெற்றியில் எழுதியிருந்த பேர் உடையாமல் அப்படியே இருந்தது. அதை நான் பார்த்தேன். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

கண் சொருகினால் ஓரம் கட்டிப் படு, தம்பி. வீட்டில் டப்பா இருக்கிறது. ஒரு கொட்டை கூட விழும். ஒத்தை ரெட்டையாகும், அவ்வளவுதான்.